ஒரு வழக்கு, நூற்று அறுபது வீடு

போன மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் பெரிய ரகளை. கட்டிடம் கட்டியவர் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மொட்டை மாடியை செல்போன் டவருக்கு விட்டுவிட்டார். தொண்ணூற்றுச் சொச்சம் வீடு. ஆளாளுக்கு ஒரு ஆத்திரம். மூன்றாவது மாடி ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர் எழுதினார்: "அமெரிக்கான்னா கிளாஸ் ஆக்‌ஷன் போட்டு ஒரே கேஸ்ல முடிச்சிருப்பாங்க. நம்ம ஊர்ல தொண்ணூறு பேரும் தனித்தனியா அலையணும்."

அதைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்துவிட்டது. அடுப்பில் வைத்த குழம்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து தட்டினேன். "அலைய வேண்டியதில்லைங்க. நம்ம ஊர் முன்சீப் கோர்ட்டுலயே இருக்குது. ஆர்டர் ஒண்ணு, ரூல் எட்டு. ஒருத்தரோ ரெண்டு பேரோ எல்லாருக்காகவும் வழக்குப் போடலாம்."

"ஆன்ட்டி, நீங்க வக்கீலா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. வக்கீல் குமாஸ்தா. முப்பத்து மூணு வருசம்."

அதற்குப் பிறகு கேள்விக்கு மேல் கேள்வி. கட்டைவிரல் வலிக்க வலிக்கப் பதில் போட்டும் தீரவில்லை. வாட்ஸ்அப்பில் சொல்லி முடிக்கிற சங்கதியா அது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கிருஷ்ணவேணி. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு, இருபத்து மூன்று வயதில் வக்கீல் சிவசாமி அவர்களிடம் சேர்ந்தேன். கோயமுத்தூர் கோர்ட்டில் அப்போது பெண் குமாஸ்தாக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிராது டைப் அடிப்பது, ஸ்டாம்ப் ஒட்டுவது, தாக்கல் செய்வது, குறை இருக்கிறது என்று கோர்ட் திருப்பிக் கொடுத்தால் சரிசெய்து மறுபடி கொடுப்பது, வாய்தாத் தேதியை டைரியில் ஏற்றுவது... முதல் ஐந்தாறு வருடம் இதிலேயே ஓடிப்போனது. கல்யாணம், இரண்டு பிரசவம் எல்லாம் இதற்கு நடுவில்தான்.

சிவசாமி சாரை நான் சீனியர் என்றுதான் சொல்வேன்; அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நான் டைப் அடித்ததில் தப்பு இருந்தால் அந்தத் தாளைக் குப்புறக் கவிழ்த்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எந்த வரி, என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நானே தேடிப்பிடிக்க வேண்டும். ஒருமுறை முழுத்தாளையும் நான்கு தரம் படித்து ஒன்றும் கிடைக்காமல் அழுகையே வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால், கிழக்கு எல்லை என்று இருக்க வேண்டிய இடத்தில் மேற்கு. திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். கவிழ்ந்த தாள் மறக்காது.

தாக்கலுக்குப் போகும் முன்னால் ஒவ்வொரு பிராதையும் நான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெந்நீர் குடித்தபடி கேட்பார். படித்து முடித்ததும் ஒரே கேள்வி: "வேணிம்மா, இதுல யாரை விட்டுட்டோம்?"

அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் சேர்ந்த புதிதில் அன்னூர்ப் பக்கம் ஒரு வண்டித்தட வழக்கு நடந்தது. தோட்டங்களுக்குப் போகிற பொதுத்தடத்தை ஒருவர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். நான்கு விவசாயிகள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஏழு வருடம் நடந்தது, ஜெயித்தார்கள். ஆபீசில் லட்டுக் கூடக் கொடுத்தார்கள். அடுத்த வாரமே ஐந்தாவது விவசாயி ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார். அவர் டிராக்டரை மட்டும் வேலிக்காரர் மறித்துவிட்டாராம். "தீர்ப்புல உம்பேரு இல்லையே, நாலு பேருக்குத்தான தடம்?" என்று கேட்டாராம்.

சீனியர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நால்வரும் தங்களுக்காக மட்டும் வழக்குப் போட்டிருந்தார்கள். ஊர் முழுவதற்குமாகப் போடுகிறோம் என்று ஆரம்பத்திலேயே ஒரு மனுப் போட்டு, கோர்ட் அனுமதி வாங்கி, ஊருக்கெல்லாம் அறிவிப்புக் கொடுத்திருந்தால் ஐந்தாவது டிராக்டரை எவனும் மறித்திருக்க முடியாது. அந்த ஒரு மனுவை விட்டதற்கு ஏழு வருடம். அந்த ஐந்தாவது விவசாயி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாவது வழக்கை சீனியர் சொந்தச் செலவில் நடத்தினார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இனி என் வாழ்க்கையின் பெரிய வழக்குக்கு வருகிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு உள்ளே தள்ளி ஒரு லேஅவுட். நூற்று அறுபது சைட்டு. இரும்பு வார்க்கும் பவுண்டரியில், லேத் பட்டறையில், பம்புசெட்டு கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு கட்டிக் குடிவந்த இடம். நடுவில் இருபத்தெட்டு சென்ட் பூங்காவுக்கென்று வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டியிருந்தார்கள். போர்வெல்லும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும் அந்த இடத்தில்தான். லேஅவுட் போட்டவர் அதைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பத்து வருடம் கழித்து ஒருநாள் காலையில் அந்தப் பச்சை நிலத்தில் புதிதாகக் கல் நட்டு, ஏழு சைட்டாகப் பிரித்து விற்க ஆரம்பித்துவிட்டார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் பழனிசாமி எங்களிடம் வந்தார். சொந்தமாகத் தோட்டம் வைத்திருந்த குடும்பம், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எல்லாக் காகிதத்தையும் வரிசையாக அடுக்கிய ஃபைல். வீட்டுக்காரர்களின் பட்டியலை முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

சீனியர் எனக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். முதலில் பிராது. அதோடு ஆர்டர் ஒன்று ரூல் எட்டு மனு. எல்லாருக்கும் ஒரே நலன், ஒரே குறை, ஆள் அதிகம், அதனால் ஒருவர் எல்லாருக்காகவும் நடத்த அனுமதி வேண்டும். கோர்ட் முகாந்திரம் இருக்கிறது என்று நினைத்தால், சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் நம் செலவில் தெரியப்படுத்தச் சொல்லும். நேரில் கொடுக்கலாம், ஆள் ரொம்ப அதிகமென்றால் பத்திரிகையில் விளம்பரம். 'இப்படி உங்கள் பெயரில் ஒரு வழக்கு நடக்கிறது, சேர விரும்பினால் வாருங்கள், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்' என்று. ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், வருகிற தீர்ப்பு அத்தனை பேரையும் கட்டும். வந்தவரையும் கட்டும், வராதவரையும் கட்டும். தோற்றாலும் கட்டும். தூங்கிக்கொண்டிருப்பவன் தலையில் ஒரு தீர்ப்பை வைப்பதற்கு முன்னால் அவனை ஒருதரம் தட்டியாவது எழுப்ப வேண்டாமா?

நான் உரக்கப் படித்தேன். சீனியர் கேட்டார்: "யாரை விட்டுட்டோம்?"

"யாரையும் விடலைங்க சார்."

நான் அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை. பட்டியலை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. வாத்தியார் எழுதியது, அழகாக இருந்தது, அப்படியே டைப் அடித்துவிட்டேன்.

விளம்பரம் வந்து நான்காம் நாள், ஒரு அம்மா ஆபீஸ் வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். பம்புசெட்டு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர். யூனிபார்ம் நீலக் கோட்டு மேலேயே இருந்தது. கையில் விளம்பரம் வந்த பத்திரிகை.

"ஏனுங்க, வக்கீல் குமாஸ்தா அம்மணி நீங்கதானுங்களா? எம்பேரு ஆரோக்கியமேரி. ஏழாவது வீதி."

"அங்க ஆறு வீதிதானுங்களே?"

"அதைத்தானுங்க கேக்க வந்தேன். இதுல போட்டிருக்கற சர்வே நம்பர்ல எங்க வீதி வரலீங்க. முப்பத்தொரு ஊடு இருக்கறோமுங்க. எங்க பத்திரத்துலயும் அதே பார்க்குதானுங்க போட்டிருக்குது. நாங்க என்ன, அந்த லேஅவுட்டுல இல்லீங்களா?"

பட்டியலை எடுத்து எண்ணினேன். நூற்று இருபத்தொன்பது. நூற்று அறுபதில் முப்பத்தொன்று காணோம்.

பழனிசாமிக்குப் போன் போட்டேன். "அவிக சங்கத்துல மெம்பர் இல்லீங்கம்மணி" என்றார். குரலில் கள்ளம் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. ஒன்றரை, இரண்டு சென்ட்டில் சின்ன வீடுகள் கட்டி, ஒரு தலைமுறைக்கு முன்னால் வரை தோட்டங்களில் கூலிக்கிருந்த குடும்பங்கள் இருக்கும் வீதி அது. அவரிடம் யாரும் அவர்களைச் சேர்க்காதே என்று சொல்லவில்லை. சேர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

சீனியரிடம் போய் நின்றேன். "என் தப்புதானுங்க சார். எண்ணலை."

அவர் பத்திரிகையை வாங்கி, மடித்து, குப்புறக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். பிறகு, "மத்தியானம் ஒரு பஸ் இருக்குமே?" என்றார்.

அன்றைக்கே போனேன். ஏழு வீதியும் நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, கதவு எண்ணும் பெயரும் குறித்தேன். ஆறாவது வீதி வரைக்கும் தார்ரோடு; ஏழாவதில் செம்மண். தொட்டியிலிருந்து வரும் பைப் ஆறாவது வீதி முனையில் மூடி போட்டு நின்றிருந்தது. வெயிலில் நடந்து செருப்பு அறுந்துபோனது. ஒரு வீட்டில் குண்டூசி வாங்கிக் குத்திக்கொண்டு மிச்சத்தை முடித்தேன். நூற்று அறுபது. இரண்டு தரம் எண்ணினேன்.

மறுபடி விளம்பரம், மறுபடி அறிவிப்பு. எல்லாருக்காகவும் நடக்கிற வழக்கில் யார் வேண்டுமானாலும் தன்னையும் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம். அதன்படி ஆரோக்கியமேரி இரண்டாம் வாதியானார். கையெழுத்துப் போடும்போது கேட்டார்: "நானு ஒரு ஆளு போட்டா முப்பத்தொரு ஊட்டுக்கும் போட்ட மாதிரிங்களா?"

"நூத்தி அறுபதுக்குங்க."

அந்த அம்மா பேனாவை எடுத்துவிட்டார். தாளை ஒருதரம் முதலிலிருந்து படித்தார். அதற்கப்புறம்தான் போட்டார்.

வழக்கு இரண்டரை வருடம் ஓடியது. லேஅவுட் போட்டவர் தரப்பில் வாய்தா மேல் வாய்தா. பழனிசாமி ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் வந்தார். சட்டையில் இஸ்திரி மட்டும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. அவர் வீட்டம்மாவுக்கு டயாலிசிஸ். வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

ஒருநாள் கோர்ட் தாழ்வாரத்தில் எதிர்த்தரப்புக் குமாஸ்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க வேணியக்கா, ஒருவழியா ராஜி ஆயிருச்சாமே? பெட்டிஷன் கொடுத்துப்போட்டோம்."

நான் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு நேரே பெஞ்ச் கிளார்க்கிடம் போய் வழக்குக் கட்டைப் பார்த்தேன். சமாதான மனு. பூங்கா பாதி. தொட்டி இருக்கும் முன்பாதி குடியிருப்போருக்கு. பின்பாதியில் விற்ற சைட்டுகள் விற்றபடியே. நடுவில் காம்பவுண்டுச் சுவர். தண்ணீர் பைப் ஒன்று முதல் ஆறு வீதிகளுக்குப் புதிதாகப் போட்டுத் தரப்படும். கீழே முதல் வாதி பழனிசாமியின் கையெழுத்து. அதே முத்தான எழுத்து. இரண்டாம் வாதியின் கையெழுத்து இல்லை. எங்கள் சீனியரின் கையெழுத்தும் இல்லை.

படி இறங்கினேனா பறந்தேனா தெரியாது. சீனியர் கேட்டுவிட்டுப் பழனிசாமியை வரச்சொன்னார். மறுநாள் வந்தார்.

"அலுத்துப்போச்சுங்க வக்கீலய்யா" என்று உட்கார்ந்தார். "பழைய பைப்புல தண்ணி சொட்டுச் சொட்டா வருது, எங்கூட்டம்மா படற பாட்டை நான் பாக்கறேன். இன்னும் எத்தனை வருசமுங்க? பாதியாச்சும் வருதேன்னுதான்..."

"ஏழாவது வீதிக்கு என்ன வருதுங்க?" என்றார் சீனியர்.

பழனிசாமி மடியிலிருந்த ஃபைலைத் திறந்து, மறுபடி மூடினார்.

சீனியர் வெந்நீரை அவர் பக்கம் நகர்த்தினார். "உங்களை நான் குத்தம் சொல்லலை. ஆனா இது உங்க ஊட்டு வழக்கு இல்லீங்க. என் கட்சிக்காரர் நீங்க ஒருத்தர் இல்லை, நூத்தி அறுபது ஊடு. உங்க கையெழுத்து உங்களைத் தாண்டிப் போகாது. அதைக் கோர்ட்டுல சொல்லப்போறேன். உங்க முகத்துக்கு நேராச் சொல்லிப்போடறேன்னுதான் வரச்சொன்னேன்."

பழனிசாமி எழுந்து போனார். செருப்பு மாட்டிக்கொள்ள அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

கோர்ட்டில் சீனியர் ஐந்து நிமிடம்தான் பேசினார். எல்லாருக்காகவும் நடக்கும் வழக்கைக் கோர்ட் அனுமதி இல்லாமல் ராஜி செய்ய முடியாது, வாபஸும் வாங்க முடியாது. அனுமதிக்கு முன்னால் அத்தனை பேருக்கும் தெரியப்படுத்தியாக வேண்டும். முன்சீப் சின்ன வயது அம்மா. பேச்சுக் குறைவு, எழுத்து வேகம். உத்தரவு போட்டார்: சமாதான நிபந்தனைகளை நூற்று அறுபது வீட்டுக்கும் தமிழில் அறிவிக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் அடுத்த வாய்தாவில் எழுத்தில் தரலாம். யாரும் வரவில்லை என்றால் மனுவை அனுமதிப்பது பற்றிப் பரிசீலிக்கப்படும்.

யாரும் வரவில்லை என்றால்! அந்த வரிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பட்டறைக்காரர்களுக்கு ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் கூலி போச்சு. யார் வருவார்கள்?

கோர்ட் ஊழியரோடு நானும் இரண்டு நாள் வீடு வீடாகப் போனேன். அவர் அறிவிப்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க, நான் என்ன விஷயம் என்று கேட்டவர்களுக்கு அதிலிருப்பதைப் படித்துக் காட்டினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று சீனியர் கண்டிப்பு. "வாங்கன்னும் சொல்லாதே, வராதீங்கன்னும் சொல்லாதே. அது அவிக முடிவு." நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முன்னால் இருக்கிற ஆறு வீதிகளில் சிலர், "பாதி கிடைச்சாப் போதுமுங்க" என்று கதவைச் சாத்தினார்கள். ஏழாவது வீதியில் படித்து முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. முடித்ததும் காகிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

"வருவாங்களாங்க?" என்று ஆரோக்கியமேரியிடம் கேட்டேன்.

"சொல்லிப் பாக்கறேனுங்க" என்றார். முகத்தைப் பார்த்தால் அவருக்கே நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை.

வாய்தா நாள். ஆரோக்கியமேரி ஒன்பதரைக்கே தனியாக வந்துவிட்டார். "ரெண்டு வேன் பேசியிருக்குதுங்க. பின்னாடியே வாராங்க" என்றார். பத்தரைக்குக் கோர்ட் உட்கார்ந்தது. ஒருவரையும் காணோம். போன் போட்டால் எல்லாப் போனும் ஸ்விட்ச் ஆஃப். எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். சீனியர் எழுந்து, "சற்று நேரம் கழித்து எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்" என்றார். தள்ளி வைத்தார்கள். பதினொன்றேகாலுக்கு மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி சீனியர் எழுந்தார். முன்சீப் அம்மா கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "இன்னும் ஒரு முறைதான்."

எதிர்த்தரப்புக் குமாஸ்தா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பின்வரிசையில் பழனிசாமி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சீனியர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வெளியே ஓடினேன்.

கேட்டில் பார்த்தேன். இரண்டு வேனும் காலியாக நின்றன. டிரைவர், "இறக்கி உட்டு ஒரு மணி நேரமாச்சுங்களே" என்றார். அப்படியானால் உள்ளேதான் இருக்கிறார்கள்! எங்கே? கேன்டீனில் இல்லை. மரத்தடியில் இல்லை. ஒவ்வொரு மாடியாக ஏறினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறினேன். எனக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது. எதிரே வந்த வக்கீல்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கடைசி மாடியில், வேறொரு முன்சீப் கோர்ட்டின் வாசலில், நீளத் தாழ்வாரம் முழுக்க, சுவரோரமாக இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும். நீலக் கோட்டோடு சிலர், கரி படிந்த பேன்ட்டோடு சிலர், கைக்குழந்தையோடு ஒரு பெண். ஒரு சத்தம் இல்லை. யாரோ கீழே "முன்சீப் கோர்ட்டா, மேலே போங்க" என்று கைகாட்டியிருக்கிறார்கள். யாரோ "கோர்ட்டுல பேசக்கூடாது, போன் அடிக்கக்கூடாது" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியே போனை அணைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, தங்கள் வழக்கைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள்!

"இங்கில்லீங்க! கீழ! ஓடியாங்க!" என்று கத்திவிட்டேன். கோர்ட் வாசலில் நான் கத்தியது வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான். அந்தக் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலி என்னை அதட்டியது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

படிக்கட்டு முழுக்கத் தடதடவென்று இறங்கினார்கள். மூன்றாவது முறையாக எங்கள் நம்பரைக் கூப்பிட்டு டவாலியின் குரல் அடங்குவதற்கும் நாங்கள் வாசலுக்கு வருவதற்கும் சரியாக இருந்தது. உள்ளே இடம் கொள்ளவில்லை. நின்றார்கள், சன்னலில் எட்டிப் பார்த்தார்கள். முன்சீப் அம்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவங்கெல்லாம் யாரு?"

சீனியர் சொன்னார், "வாதிகள்தானுங்க அம்மா."

ஒவ்வொருவரும் கையில் காகிதம் வைத்திருந்தார்கள்; வர முடியாத பக்கத்து வீட்டாருடையதையும் சேர்த்து. வெள்ளைத்தாள், கோடு போட்ட நோட்டுத்தாள், காலண்டர் தாளின் பின்பக்கம். பெஞ்ச் கிளார்க் வாங்கி வாங்கி அடுக்கினார். தொண்ணூற்று நான்கு. நான் வரிசையாகக் கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழாவது வீதி முப்பத்தொன்றும் இருந்தது. மீதி அறுபத்து மூன்றும் முன்வீதிகள்! அன்றைக்குக் கதவைச் சாத்தியவர்கள் பெயர்கூட இருந்தது.

முன்சீப் அம்மா முன்னால் நின்ற ஒருவரைக் கேட்டார். ஏழாவது வீதிப் பெரியவர், பவுண்டரியில் வார்ப்பு அச்சுப் பிடிக்கும் மோல்டர். "பாதி பூங்கா தருவதாகச் சொல்கிறார்கள். உங்களுக்கு என்ன ஆட்சேபம்?"

அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "எந்தப் பாதிங்கம்மா? டேங்க்கு இருக்கற பாதி செவுத்துக்கு அக்கட்டால போயிருமுங்க. எங்க பக்கம் செவருதானுங்க வரும்."

கோர்ட்டில் யாரோ சிரித்து, சட்டென்று அடக்கினார்கள்.

முன்சீப் அம்மா பழனிசாமியை எழுந்திருக்கச் சொன்னார். "இந்த மனுவைக் கொடுக்கும் முன் இவர்களிடம் காட்டினீர்களா?"

"இல்லீங்கம்மா."

"வழக்கைத் தொடர்ந்து நடத்த உங்களுக்கு விருப்பம் இருக்கிறதா?"

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரரே கையில் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். "எனக்குத் தெம்பில்லீங்கம்மா. அந்தம்மாவே முன்னாடி நின்னு நடத்தட்டும். நான் தப்புப் பண்ணிப்போட்டேன். கூட நிக்கறேனுங்க."

எல்லாருக்காகவும் நடத்துகிறவர் உரிய அக்கறையோடு நடத்த முடியாவிட்டால், அதே நலன் உள்ள வேறொருவரைக் கோர்ட் அந்த இடத்தில் வைக்கலாம். ரூல் எட்டில் ஐந்தாவது உட்பிரிவு. நான் எத்தனையோ முறை டைப் அடித்த வரி. அன்றைக்குத்தான் அதற்குக் கை கால் முளைத்து நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். சமாதானத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஆரோக்கியமேரி முதல் வாதியானார். வெளியே வந்ததும் சீனியர் தன் கவுனைத் தானே மடித்தார்; எப்போதும் நான்தான் மடிப்பேன். மடித்துவிட்டு, "வேணிம்மா, நீ ஓடினதைப் பாத்தேன். நல்லா ஓடினே" என்றார். அவர் வாயால் நான் வாங்கிய ஒரே பாராட்டு.

அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஆரோக்கியமேரியை எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு நாள் குறுக்கு விசாரணை செய்தார். "உங்களுக்கும் அந்தத் தொட்டிக்கும் சம்பந்தமே இல்லை, உங்கள் வீதிக்குப் பைப்பே இல்லை" என்றார். "அதனாலதானுங்க கேஸு" என்றார் அந்த அம்மா. தட்டச்சர் அதை அப்படியே பதிந்தார். தீர்ப்பு வந்தது: இருபத்தெட்டு சென்ட்டும் பூங்கா, ஏழு சைட்டுப் பத்திரமும் செல்லாது, பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், நூற்று அறுபது வீட்டுக்கும் அனுபவ உரிமை உண்டு. அப்பீல் போனார்கள். அங்கேயும் இதே தீர்ப்புதான் நின்றது.

அப்பீல் தீர்ப்பின் சான்று நகலை வாங்கிக்கொண்டு நானே பஸ் ஏறினேன். ஆரோக்கியமேரி அதை நூற்று அறுபது ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். "எல்லார் ஊட்டுலயும் ஒண்ணொண்ணு இருக்கட்டுமுங்க" என்றார். அவருக்கு அன்று ஷிப்ட். நகல்கட்டை வாங்கிக்கொள்ள வந்து நின்றவர் பழனிசாமி. சட்டையில் பழையபடி இஸ்திரி.

முதல் ஆறு வீதிக்கு அவருக்கு நான் தேவைப்படவில்லை. ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டே போனார். ஏழாவது வீதி முனையில் நின்றார். என்னிடம் திரும்பி, "இது யாரு ஊடுங்கம்மணி?" என்று மெல்லக் கேட்டார். நான் பட்டியலைப் பார்த்துச் சொன்னேன். கொடுத்தார். அடுத்த வீட்டு வாசலிலும் கேட்டார். அதற்கடுத்ததிலும். பத்துப் பன்னிரண்டு வீடு வரை அப்படித்தான் போனது. அதற்குப் பிறகு என்னைக் கேட்பதை விட்டுவிட்டு வீட்டுக்காரர்களையே கேட்க ஆரம்பித்தார். பேரு என்னங்க, எந்தப் பட்டறையிங்க, புள்ளைக எத்தனை பேருங்க. நான் நாலடி பின்னால் நின்றுகொண்டேன். பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கடைசி வீட்டில் கதவு சாத்தியிருந்தது. சன்னலில் செருகிவிட்டுப் போய்விடலாம் என்று நான் நினைத்தேன். அவர் கேட்கவில்லை. படியேறிக் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க, ஊட்டுல யாருங்க? தீர்ப்பு வந்திருக்குதுங்க. நம்முளுது."